பாதியில் நிற்கும் தீ

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். திருத்தங்கலில் உன் தம்பி வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து கழிவுத் தாள் அள்ளிக்கொண்டு வருவாயே, அதில் ஒன்று. புஸ்வாணப் பெட்டிக்கான லேபிள். சிவப்பும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் விலகிப்போய், படத்திலிருக்கும் குழந்தைக்கு இரண்டு மூக்கு. அந்தத் தாளுக்குள் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் வெளிறிய மஞ்சளில் கொஞ்சம் பொடி. கடலை மாவு என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். நீ செய்தது.

தாளை முகர்ந்து பார்த்தேன். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. இன்று உன் அம்மா நம் ஆய்வகத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் குப்பியை எடுத்தேன். வந்து, பார்த்து, போய்விட்டார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உன்னை விட்டால் இதை முழுசாகப் புரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்?

என் தோழி சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்துக்காரி, போய்விட்டாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே "வெடி விபத்தா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை, டெங்குக் காய்ச்சல் என்றால் கொஞ்சம் ஏமாந்த மாதிரி முகம் போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விஸ்வநத்தத்தில் பிறந்தவள் கொசு கடித்துச் சாகக் கூடாதா என்ன?

நாம் இருவரும் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் உன்னை நான் படுத்திய பாடு கொஞ்சமா? நான் கரிசல் காட்டில் சொந்த நிலத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண். செருப்புக் காலோடு எங்கேயும் நுழைவேன், கையில் கிடைத்த பிளாஸ்டிக் கரண்டியால் எதையும் அள்ளுவேன். நீ வாசலிலேயே செருப்பை விடுவாய். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயை ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாய். "என்ன புள்ள, குழாய்ச்சாமிக்குக் கும்பிடு போட்டாச்சா?" என்று தினமும் கேட்பேன். கல்லூரி விடுமுறைகளில் அம்மாவோடு நீயும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். அங்கே மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிட வேண்டுமாம். நைலான் சேலை கூடாது, இரும்பு கூடாது, பிளாஸ்டிக் கூடாது. அத்தனையையும் நம் ஆய்வகத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்தாய். வனேடியப் பொடியை மரக்குச்சியால்தான் தள்ளுவாய், உன் தம்பி தந்த தாளில்தான் எடுப்பாய்.

"வனேடியம் என்ன வெடிக்கவா போகுது?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

"வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும் புள்ள. கைக்குத் தெரியலையே" என்றாய்.

மாலையில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் கடைசி நேரடி பஸ் சீக்கிரமே கிளம்பிவிடும் என்பதால் நான் எப்போதும் முதலில் ஓடுவேன். மேசையை ஒழுங்கு செய்து பூட்டிச் சாவியைக் கொடுப்பது உன் வேலை. நீ எப்படிப் பூட்டுவாய் என்று ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் வரும்.

நாம் என்ன ஆராய்ச்சி செய்கிறோம் என்று உன் அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா திரி மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். நகக்கண்ணில் கரித்தூள் கறுப்பு போகவே போகாது. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். என்னிடம் மட்டும் "சாப்பிட்டீகளா, இன்னும் கொஞ்சம் வைக்கவா" என்று மரியாதை. உன் வயதுதானே எனக்கும் என்று எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. சம்சாரி வீட்டுப் பிள்ளை என்றால் அவர்களுக்கு நாக்கு தானாக அப்படிப் புரளும். உனக்கு அதில் சிரிப்பு, எனக்கு அதில் கூச்சம்.

"அங்கன அப்படி என்னதான் செய்றீக ரெண்டு பேரும்?" என்றார்கள்.

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். "சிலிண்டர்ல கேஸு வருதுல்லம்மா, அதுல புரொப்பேன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருந்து ரெண்டே ரெண்டு ஹைட்ரஜனைக் கழட்டிவிட்டா வேற கேஸு ஆயிரும், புரொப்பீன். அத வச்சுத்தான் உரச் சாக்கு, நாற்காலி, ஊசி போடுற சிரிஞ்சு எல்லாம் செய்றாக."

"கழட்ட வேண்டியதுதான?"

"லேசுல கழல மாட்டேங்குதே. ஆக்சிஜனக் காட்டித்தான் இழுக்கணும். ஆக்சிஜனக் காட்டுனா மொத்தமா எரிஞ்சு புகையாப் போயிருது. பாதியில நிக்கணும்மா. தீ பாதியில நிக்கணும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "நல்லாப் படிச்ச போ! தீ பாதியில நின்னா எங்க கம்பெனியில அம்புட்டு லோடும் ரிட்டர்ன் வந்துரும்டீ."

அதைவிடச் சுருக்கமாக நம் கஷ்டத்தை யாரும் சொன்னதில்லை. கொடுமை என்னவென்றால், நமக்கு வேண்டிய புரொப்பீன், அதை எதிலிருந்து எடுக்கிறோமோ அந்த வாயுவைவிட வேகமாக எரியும். கிடைத்த மறுநொடியே கையைவிட்டுப் போய்விடும். வாரக்கணக்கில், எந்த வாயு எவ்வளவு என்று காட்டும் கருவியில் வரைபடம் எடுத்தோம். புரொப்பீன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி மேடு, கரியமில வாயு இருக்கும் இடத்தில் ஒரு மலை. "தீ வைக்க யாருக்கும் தெரியும் புள்ள. பாதியில நிறுத்தச் சொல்லு பாப்போம்" என்று அந்த மலையைப் பார்த்து முனகுவாய்.

ஆனாலும் அந்த ஒரு நாளை மறக்க முடியுமா? வெள்ளை அலுமினாப் பொடியின் மேல் வனேடியம் ஆக்சைடை ஏற்றிச் சுட்டு, குவார்ட்ஸ் குழாயில் நிரப்பி, முதல் தடவையாகப் புரொப்பேனை மட்டும் விட்டோம். உலையை நகர்த்திவிட்டுப் பார்த்தால் மஞ்சள் பொடி கரும்பச்சையாகிக் கிடந்தது. தன் ஆக்சிஜனை வாயுவுக்குக் கொடுத்துவிட்டு நின்ற நிறம் அது. அப்புறம் காற்றைத் திறந்தாய். குழாயின் ஒரு முனையில் மெல்லிய மஞ்சள் கோடு விழுந்தது. கோடு நகர்ந்தது. பச்சையை விலக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், மறுமுனை வரைக்கும் மஞ்சளாகவே ஆகிவிட்டது. இருவரும் தரையில் மண்டியிட்டுக் குழாயின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாடப் புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதும்தான். ஆனால் ஒரு பொருள் கொடுப்பதையும் திரும்ப வாங்கிக்கொள்வதையும் கண்ணால் பார்ப்பது வேறு.

நீ மண்டியிட்டபடியே இருந்தாய். பிறகு, "வெடியுப்பும் ஆக்சிஜன் குடுக்குறதுதான். எங்க ஊரே அதுலதான் சாப்பிடுது. ஆனா அது ஒரே மூச்சுல அம்புட்டையும் குடுத்துட்டு இல்லாமப் போயிரும். இது குடுத்துட்டு, காத்துல இருந்து வாங்கிக்கிட்டு, திரும்பக் குடுக்குது பாரேன்" என்றாய். குரல் கோயிலுக்குள் பேசுகிற மாதிரி தணிந்திருந்தது.

அந்த அடைமழை வாரத்தில்தான் அது நடந்தது. நான் நனைந்த குடையை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ கருவியின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

"ஏ புள்ள, நின்னுருச்சு."

"என்னது, மெசினா?"

"தீ."

ஓடி வந்து பார்த்தேன். கரியமில வாயுவின் மலை தரையோடு தரையாகப் படுத்திருந்தது. புரொப்பீன் நிமிர்ந்து நின்றது. வாயுவை நிறுத்தி, மறுபடி விட்டு, மறுபடி எடுத்தோம். அதே வரைபடம். நம் மேடம், நமக்கு வழிகாட்டியாக இருந்தவர், எதற்கும் லேசில் வாய் திறக்காதவர், "இதை எப்படிம்மா செஞ்சே?" என்று கேட்டார். "எப்பவும் போலத்தான் மேடம், தெரியல" என்றாய். உனக்கே தெரியவில்லை. அன்று நாம் கேண்டீனில் குடித்த டீக்கு ஒரு ருசி இருந்தது.

அடுத்த வாரம் காய்ச்சல். முதலில் சிவகாசி, அப்புறம் மதுரை. போனில் பேசியபோதுகூட, "குப்பியத் தொட்றாத, நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்றாய். வரவில்லை.

அதன் பிறகு நடந்தவை உனக்குத் தெரியாதல்லவா. நீ குப்பியில் வைத்துவிட்டுப் போன பொடி ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. போட்டால் தீ பாதியில் நின்றது. ஆனால் அதேபோல் இன்னொரு பிடி பொடியை என்னால் செய்ய முடியவில்லை. உன் குறிப்பேட்டில் எல்லாம் இருந்தது, எடை, சூடு, நேரம், அன்று மழை பெய்தது வரைக்கும். வரி மாறாமல் செய்தேன். மலைதான் வந்தது. திரும்பச் செய்தேன். மறுபடி மலை.

மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஒரு குப்பிய வச்சுக்கிட்டு உலகத்துக்கிட்ட எதுவும் சொல்ல முடியாதும்மா. இன்னொரு கை செஞ்சாலும் வரணும். வரலைன்னா இந்த முடிவ விட்டுட்டு மத்ததை எழுதுவோம்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவை விட்டுவிட்டால் நீ செய்ததாக எங்கே எதுவும் இருக்கும்? வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டிய வயதில் உன் வீட்டார் உன்னைப் படிக்கவிட்டார்களே, அத்தனைக்கும் பதில் அந்தக் குப்பிதான். என்னால் செய்ய முடியாவிட்டால், நீ இங்கே இருந்ததே ஒரு பேச்சாக முடிந்துவிடும். எனக்குத் தூக்கம் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், உன் மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு எழுதினவள் எதை எழுதாமல் விட்டாய்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். காரணம் ஒன்றும் இல்லை, போக வேண்டும் போலிருந்தது. அம்மா முற்றத்தில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டே ராத்திரிக் களிக்கு வேண்டிய மாவை எடுத்து வைத்தார்கள். தாம்பாளத்தில் கொஞ்சம் மிஞ்சியது. பொழுது இறங்கியது. எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, மிஞ்சின மாவின் மேல் அப்படியே கவிழ்த்தார்கள்.

"ஏம்மா, நல்ல மாவுதானே?" என்றேன்.

"மிச்சப் பொடி ராத்திரி தங்கக் கூடாதும்மா" என்றார்கள், ரொம்பச் சாதாரணமாக. அப்புறம் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனிப் பழக்கம். அன்னைக்குக் கலந்த திரி மருந்து மிஞ்சுச்சுன்னா தண்ணிய ஊத்தி நனைச்சுட்டுத்தான் வெளிய வரணும். இம்புட்டு வருசமாச்சு, வீட்டுல மாவப் பாத்தாலும் கை போயிருது. அவளும் இப்படித்தான் செய்வா. ஆனா வீணாக்க மாட்டா. மறுநா தெளிஞ்ச தண்ணிய இறுத்துட்டு, அடியில கிடக்குறதத் தோசையாச் சுட்டுருவா."

நான் சட்டென்று எழுந்துவிட்டேன். மாலையில் நான் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு நீ ஆய்வகத்தைப் பூட்டிய விதம் அப்படியே கண்முன் வந்தது. வனேடிய உப்பை அலுமினாவில் ஏற்றி உலர்த்தியிருப்பாய். பாதியை அன்றே உலையில் சுட்டிருப்பாய். மீதிப் பொடி கிண்ணத்தில். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது உன் கை தானாகப் போய் அதில் தண்ணீரை ஊற்றியிருக்கும். மறுநாள் வந்து பார்த்து, ஐயோ வீணாகப் போகிறதே என்று தண்ணீரை இறுத்துவிட்டு, உலர்த்தி, சுட்டு, அதையும் போட்டுப் பார்த்திருக்கிறாய். அதை நீ எழுதாததில் ஆச்சரியமே இல்லை. உனக்கு அது சோதனையில் ஒரு படியே இல்லை. வீட்டுக்குக் கிளம்புமுன் விளக்கை அணைப்பதை யாராவது எழுதி வைப்பார்களா?

"சாப்பிடாமப் போறீகளே!" என்று அம்மா வாசல்வரை வந்து கத்தினார்கள். நான் பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே செய்தேன். உலர்ந்த பொடியில் தண்ணீர் ஊற்றும்போது என் கைக்கு அது பெரிய பாவம் செய்வது போலிருந்தது. இத்தனை நாள் படிப்பும், கெடுத்துவிடாதே என்றது. ஊற்றினேன். விடிந்து வந்து பார்த்தால் மேலே நின்ற தண்ணீர் லேசாக மஞ்சளித்திருந்தது. இறுத்தேன். உலர்த்திச் சுட்டேன். கிடைத்தது வெளிறிய மஞ்சள், கடலை மாவு. குழாயில் போட்டு வாயுவைத் திறந்துவிட்டு, கருவியைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். மேடம்தான் பார்த்தார். "வாம்மா" என்றார். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

மலை இல்லை. தீ நின்றிருந்தது.

ஏன் என்று இப்போது தெரியும். அலுமினா ஒரு கிராம்தான் என்றாலும் அதன் உள்மடிப்புகளை எல்லாம் விரித்தால் ஒரு கபடி ஆடுகளத்தையே மூடிவிடும். அவ்வளவு இடம் இருந்தும் வனேடியம் சில இடங்களில் குமிந்து உட்கார்ந்துவிடும். அந்தக் குவியலில் மாட்டும் வாயுவை ஆளாளுக்கு ஓர் ஆக்சிஜன் கொடுத்து முழுக்க எரித்துவிடும். அலுமினாவைத் தானே பற்றிக்கொண்டு, தள்ளித் தள்ளித் தனியாக இருப்பது மட்டும் ஓர் ஆக்சிஜனைக் கொடுத்து இரண்டு ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு, போ என்று அனுப்பிவிடும். உன் ஒரு செம்புத் தண்ணீர், மேலே ஒட்டாமல் ஏறி உட்கார்ந்திருந்ததை எல்லாம் கழுவிவிட்டு, பற்றிக்கொண்டதை மட்டும் மிச்சம் வைத்தது. கண்ணுக்கே தெரியாத அளவில் நடக்கும் இந்தக் காரியத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் காரணம் என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டுரை வந்துவிட்டது. உன் பெயர்தான் முதலில். செய்முறைப் பகுதியில் "உலர்ந்த பொடியை இரவு முழுதும் நீரில் ஊறவிட்டு, நீரை இறுத்து" என்று ஒரே ஒரு வரி. எந்த நாட்டிலோ உட்கார்ந்து அதைப் படிக்கிறவர் எவருக்கும் அது விஸ்வநத்தத்துத் திரி மருந்துப் பிரிவின் பழக்கம் என்று தெரியப் போவதில்லை. படித்துவிட்டு அவரும் தண்ணீர் ஊற்றுவார். அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்று அம்மா வந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அவர்களாகவே வாசலில் செருப்பை விட்டார்கள். சுற்றுமுற்றும் பார்த்து, செம்புத் தகடு எதுவும் இல்லையென்று கண்டு, பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உன் பொடியைக் குழாயில் போட்டு, புரொப்பேனை விட்டு, உலையை நகர்த்திக் காட்டினேன். கரும்பச்சை. அம்மாவின் முகம் சுருங்கியது. "எரிஞ்சு போச்சா?" என்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று காற்றைத் திறந்தேன். நாம் பார்த்தது போலவே அவர்களும் குனிந்து கண்ணைக் குழாய் மட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மஞ்சள் கோடு விழுந்தது. நகர்ந்தது. கடைசிப் பச்சையும் போகிறவரை அம்மா மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

"என் ஆயுசுல எரிஞ்சது எதுவும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல தாயி" என்றார்கள். கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே ஓடவிட்டார்கள். "அவ பாத்தாளா இத?"

"நாங்க சேந்துதான் பாத்தோம்மா."

"அது போதும்."

பொடியைக் குப்பிக்குள் திரும்பச் சேர்த்து, இரண்டு மூக்குக் குழந்தையின் தாளில் சுற்றி, அவர்கள் கையில் வைத்தேன். வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா வாங்கவில்லை. என் விரல்களை மடக்கி மூடிவிட்டார்கள். "உங்கிட்டயே இருக்கட்டும்டீ. வீட்டுல வச்சு நான் என்ன செய்ய? இங்கன வேல செய்யட்டும்" என்றார்கள். உன்னைப் போலவே என்னையும் "டீ" போட்டுக் கூப்பிட்டார்கள். நீ கேட்டிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் பூட்டிவிட்டுப் போவது நான்தான். செருப்பை வெளியே விடுகிறேன், குழாயைத் தொடுகிறேன், என்னோடு இருப்பவர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். மேசையில் அன்றைய பொடி எது மிஞ்சினாலும் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன். மிச்சம் ராத்திரி தங்கக் கூடாது, சரிதான். உன்னுடைய இந்தக் குப்பியை மட்டும் தங்க வைத்திருக்கிறேன்.